கண்குழி எலும்பு உடைந்த பிறகு: ஒரு எலக்ட்ரீஷியனின் அனுபவம்

முகத்தில் அடிபட்டுக் கண் வீங்கிவிட்டால் நம் வீடுகளில் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி "பார்வை தெரியுதா?" என்பதுதான். தெரியுது என்று சொல்லிவிட்டால் போதும், பாதிப் பேர் நிம்மதியாகிக் கிளம்பிவிடுவார்கள். எனக்கும் பார்வை தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது, ஒன்றுக்கு இரண்டாக.

திண்டுக்கல் பக்கம் எங்கள் ஊரில் பொங்கலுக்குக் கபடி நடக்கும். நான் இடது கார்னர். பாடி வந்த பையனின் காலைப் பிடிக்கக் குனிந்தபோது அவன் திரும்பிய வேகத்தில் முழங்கை என் இடது கண்ணில் இறங்கியது. அவன் மேல் தப்பே இல்லை, கபடியில் இதெல்லாம் சகஜம். கொஞ்ச நேரத்தில் இமை மூடிக்கொண்டது, மூக்கின் இடது பக்கம் ரத்தம் வந்தது. பக்கத்து டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் இமையை விரித்து டார்ச் அடித்துப் பார்த்தார்கள், மண்டைக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பு நல்லாத்தான் இருக்கு என்று சொல்லி வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தால் மாமியார் சூடான ஒத்தடத்தோடு தயார். அவர்களுக்கு மருமகன் மேல் பாசம் அதிகம். ஆனால் என் மனைவி, "கண்ணுல கை வைக்காதீங்கம்மா, உள்ள என்ன ஆயிருக்குன்னே தெரியாது" என்று தடுத்துவிட்டாள். அது எவ்வளவு பெரிய காரியம் என்று பின்னால்தான் தெரிந்தது. அடிபட்ட கண்ணில் விழியே கிழிந்திருக்க வாய்ப்பு உண்டு. அப்படி இருக்கும்போது ஒத்தடம் என்று அழுத்தினாலோ, துணியை ஊதி வைத்தாலோ, இமையைப் பிடித்து இழுத்தாலோ உள்ளே இருப்பது வெளியே பிதுங்கிவிடும். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எல்லாம் கிட்டேயே வரக்கூடாது. அப்படிச் சந்தேகம் இருந்தால் டீ குடிக்கிற காகிதக் கப் ஒன்றின் அடிப்பாகத்தை வெட்டி, கண்ணைத் தொடாமல் சுற்றியுள்ள எலும்பின் மேல் உட்காரும்படி வைத்து டேப் ஒட்டிக்கொண்டு போங்கள். விழி பத்திரமாக இருக்கிறது என்று டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு, குளிர்ந்த துணியை லேசாக வைக்கலாம்.

வீக்கம் இறங்க இறங்கத்தான் விஷயம் வெளியே வந்தது. இமை பாதி திறந்த அன்று படுத்தபடி மேலே பார்க்கிறேன், ஒரு டியூப்லைட் இரண்டாக இருக்கிறது, ஒன்றுக்கு மேல் ஒன்று. வலது கண்ணை மூடினால் ஒன்று. இடது கண்ணை மூடினாலும் ஒன்று. இரண்டையும் திறந்தால் இரண்டு. இந்தச் சோதனையை யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே செய்யலாம். ஒரு கண்ணை மூடியதும் இரட்டை மறைந்துவிட்டால், இரண்டு கண்களும் ஒரே திசையைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். ஒரு கண்ணை மூடியும் இரட்டையாகவே தெரிந்தால் கோளாறு அந்தக் கண்ணுக்குள்ளேயே, அதாவது கருவிழியிலோ லென்ஸிலோ இருக்கலாம். டாக்டரிடம் போகும் முன்னால் இதைப் பார்த்து வைத்துக்கொண்டால் அவருக்கு வேலை மிச்சம்.

இன்னொன்று, கன்னம் மரத்துப் போயிருந்தது. இடது கீழ் இமையில் தொடங்கி மூக்கின் ஓரம், மேலுதடு, மேல் பல் வரிசை வரைக்கும், பல் பிடுங்க ஊசி போட்ட மாதிரி. முதலில் வீக்கத்தால் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். மதுரையில் கண் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, பார்வையைச் சோதித்த பிறகு அந்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே "கன்னம் மரத்திருக்கா?" என்பதுதான். அந்த இடத்துக்கு உணர்ச்சி கொடுக்கிற நரம்பு, விழி உட்கார்ந்திருக்கிற எலும்புக் கிண்ணமான கண்குழியின் தரை எலும்புக்குள்ளேயே ஓடுகிறதாம். தரை உடைந்தால் நரம்பும் நசுங்கும். கண்ணில் அடிபட்டவருக்குக் கன்னம் மரத்தால், எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாவிட்டாலும், தரை உடைந்திருக்குமோ என்று சந்தேகப்பட வேண்டுமாம்.

அங்கே பயிற்சியில் இருந்த ஒரு டாக்டர் தம்பி பொறுமையாக விளக்கினார். கண்குழி ஏழு எலும்புகள் சேர்ந்து ஆனது. வெளிவிளிம்பு கெட்டி. ஆனால் கீழ்த்தரையும் மூக்கு ஓரச் சுவரும் முட்டை ஓடு அளவுக்குத்தான் கனம், சில இடங்களில் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. முன்னாலிருந்து பலமாக அடி விழுந்தால் விளிம்பு தாங்கிக்கொள்ளும், மெல்லிய தரை உடைந்து கீழே இருக்கிற கன்ன சைனஸ் என்ற காற்றறைக்குள் விழும். விழியைச் சுற்றியுள்ள கொழுப்பும், விழியைக் கீழே இழுக்கிற தசையும் அந்த ஓட்டை வழியாகத் தொங்கிவிடும், அல்லது உடைந்த எலும்பின் இடுக்கில் மாட்டிக்கொள்ளும். 1957இல் ஸ்மித், ரீகன் என்ற இரண்டு டாக்டர்கள் இறந்துபோன ஒருவரின் மூடிய கண்மேல் ஒரு பந்தை வைத்துச் சுத்தியலால் அடித்துப் பார்த்து, தரை எப்படி உடைகிறது என்று எழுதினார்களாம். கேட்கும்போதே எனக்கு வயிற்றைக் கலக்கியது. தம்பி ரொம்ப ரசித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சோதனைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று தெரியாமல்தான் நிறையப் பேர் திரும்பி வந்துவிடுகிறார்கள். தலையில் அடிபட்டால் மூளைக்கு சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். அது மூளைக்கு. கண்குழிக்கென்று மெல்லிய துண்டுகளாக, முன்பக்கத்திலிருந்து பார்க்கிற கோணத்திலும் பக்கவாட்டுக் கோணத்திலும் எடுத்தால்தான் தரையில் இருக்கிற ஓட்டையும் தசை எங்கே தொங்குகிறது என்பதும் சரியாகத் தெரியும். எனக்கு அதில்தான் எல்லாமே தெரிந்தது. ஆனால் ஸ்கேனில் எலும்பும் தசையும் தெரியுமே ஒழிய, கண் எப்படி இருக்கிறது என்று கண் டாக்டர்தான் சொல்ல வேண்டும். கண்பாப்பா வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா, கண்ணுக்கு முன்பக்கம் ரத்தம் தேங்கியிருக்கிறதா, உள் அழுத்தம் எவ்வளவு, சொட்டு விட்டுப் பாப்பாவை விரித்து விழித்திரையின் ஓரம் வரை கிழிசல் ஏதும் இருக்கிறதா என்றெல்லாம் பார்த்தார்கள். சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி மாட்டிவிட்டு, சுவரில் இருக்கிற கட்டங்களைக் குச்சியால் காட்டச் சொல்லி, எந்தத் திசையில் எவ்வளவு கண் போகவில்லை என்று ஒரு படம் வரைந்தார்கள். அதை ஹெஸ் சார்ட் என்கிறார்கள். அதன் நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது, பின்னால் தேறுகிறதா இல்லையா என்பதற்கு அதுதான் சாட்சி. அப்புறம் மரக்கிற சொட்டு விட்டு, விழியின் வெள்ளைப் பகுதியைச் சின்ன இடுக்கியால் பிடித்து மேலே திருப்பிப் பார்த்தார்கள். திருப்பினால் போகிறது என்றால் வீக்கமோ நரம்போ காரணமாக இருக்கலாம். திருப்பியும் போகவில்லை என்றால் தசை எங்கோ சிக்கியிருக்கிறது. என்னுடையது போகவில்லை. வலி இல்லை, ஆனால் சுகமான அனுபவம் என்றும் சொல்ல மாட்டேன்.

"என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். வீட்டு ஒயரிங், ஃபேன் மாட்டுவது என்றேன். "அப்ப நாள் முழுக்க அண்ணாந்துதானே பார்க்கணும்" என்று சொல்லிவிட்டு கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டார். இதை நான் பெரிய விஷயமாக நினைத்திருக்கவில்லை. நேராகப் பார்க்கும்போதும், படிக்கவும் படியிறங்கவும் கீழே பார்க்கும்போதும் ஒன்றாகத் தெரிந்தால் பெரும்பாலானவர்களுக்குக் காலம் தள்ளிவிடலாம், கண்ணை முழுக்க ஏற்றி மேல்கோடியைப் பார்க்கும்போது மட்டும் இரட்டை என்றால் அப்படியே விட்டுவிடுவதும் உண்டாம். எனக்கு அந்தக் கோடிதான் சோறு போடுகிறது. ஏணி மேல் நின்றுகொண்டு எந்த ஒயர் நிஜம் எது நிழல் என்று யோசிக்க முடியுமா? ஆகவே உங்கள் வேலை என்ன, நீங்கள் அதிகம் எந்தப் பக்கம் பார்க்கிறவர் என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஆபரேஷன் எல்லோருக்கும் தேவைப்படாது. சின்ன விரிசல், தசை சிக்கவில்லை, இரட்டை நாளுக்கு நாள் குறைகிறது என்றால் காத்திருந்து பார்ப்பார்கள். தசை சிக்கி இரட்டை குறையாமல் இருந்தால், தரையில் பாதிக்கு மேல் போயிருந்தால், அல்லது கண் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் உள்வாங்கியிருந்தால் செய்யச் சொல்கிறார்கள். பெரியவர்களுக்கு வழக்கமாக இரண்டு வாரத்துக்குள். ரொம்பத் தள்ளிப்போட்டால் உள்ளே தழும்பு இறுகிப்போய் எல்லாவற்றையும் ஒட்டிவிடும், பிரித்தெடுப்பது கஷ்டம். இதில் கண் உள்வாங்குவது மட்டும் ஆரம்பத்தில் யாருக்கும் தெரியாது, வீக்கம் அதை மறைத்துவிடும். கண்குழியின் கொள்ளளவே சுமார் 30 மில்லிதான், தரை இறங்கி அது கொஞ்சம் கூடினாலும் விழி பின்னால் போய்விடும். அடிபட்ட புதிதில் புடைத்திருக்கிற கண் பின்னால் குழிந்து மேல் இமைக்கு மேலே பள்ளம் விழலாம். தலையை அண்ணாந்து வைத்து, தாடைப் பக்கமிருந்து போட்டோ எடுத்தால் இரண்டு விழிகளில் எது பின்னால் இருக்கிறது என்று தெரியும். என் மனைவி சில நாளைக்கு ஒருமுறை அப்படி எடுத்து வைத்தாள், டாக்டர் அதை விரும்பிப் பார்த்தார். பழைய கல்யாண போட்டோவும் கொண்டுபோனோம், முன்னாடி இரண்டு கண்ணும் சமமாகத்தான் இருந்ததா என்று ஒப்பிட.

அப்புறம், எனக்கு ஆபரேஷன் செய்கிற குழுவில் ஒரு பல் டாக்டர் இருந்தார். எங்கள் அம்மாவுக்கு அது தாங்கவே இல்லை. "கண்ணுக்கு எதுக்குடா பல் டாக்டர்?" என்று வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரிக் கேட்டார். பல் மருத்துவம் படித்துவிட்டு முக எலும்பு அறுவை சிகிச்சையில் மேல்படிப்பு படித்தவர்கள் இவர்கள், முகத்தில் எலும்பு உடைந்தால் நம் ஊரில் பெரும்பாலும் அவர்களும் கையாளுகிறார்கள். கண் ஆஸ்பத்திரியில் இமை, கண்குழிக்கென்றே தனி நிபுணர்களும் உண்டு. யார் செய்தாலும் சரி, முன்னும் பின்னும் கண் டாக்டர் முழுதாகப் பார்த்திருக்க வேண்டும். நான் பிடிவாதம் பிடிக்கிற ஒரே இடம் இதுதான்.

வார்டில் என்னை அதிகம் பாதித்தது என் கண் இல்லை, பத்து வயசு இருக்கும் ஒரு பையன். விளையாடும்போது சைக்கிள் கைப்பிடி கண்ணோரம் குத்தியிருக்கிறது. வெளியே பார்த்தால் சிவப்புகூட இல்லை. ஆனால் வாந்தி வாந்தியாக எடுத்திருக்கிறான், தலை சுற்றுகிறது என்று படுத்துவிட்டான். தலையில் அடியாக இருக்கும் என்று மூளைக்கு ஸ்கேன் எடுத்து, ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். பெற்றவர்கள் கண்ணை மேலே பார்க்கச் சொன்னபோதுதான் ஒரு கண் அசையவே இல்லை என்று தெரிந்திருக்கிறது. குழந்தைகளின் எலும்பு வளையக்கூடியது என்பதால் உடைந்து விழாமல் கதவு மாதிரி திறந்து தசையைக் கவ்விக்கொண்டு மூடிவிடுமாம். கவ்வப்பட்ட தசைக்கு ரத்தம் போகாது. கண்ணை அசைக்கிறபோதெல்லாம் நாடி குறைந்து குமட்டல் வரும். இதற்கெல்லாம் இரண்டு வாரம் காத்திருக்கிற கதையே கிடையாது, ஒன்றிரண்டு நாளுக்குள், முடிந்தால் அதற்கும் முன்னால் ஆபரேஷன் செய்தாக வேண்டும். வெளியே சுத்தமாக இருக்கிற கண், வாந்தி, மேலே பார்க்க மறுக்கிற பிள்ளை. இந்த மூன்றும் சேர்ந்தால் ராத்திரி என்றுகூடப் பார்க்காதீர்கள்.

அதே வார்டில் பைக்கிலிருந்து விழுந்த ஒருவர் மூக்கைச் சிந்தியதும் இமை கண்ணெதிரே உப்பிக்கொண்டதைப் பார்த்தேன். சைனஸுக்கும் கண்குழிக்கும் நடுவில் ஓட்டை இருப்பதால் காற்றும் கிருமியும் உள்ளே போய்விடும். தொட்டால் தோலுக்கடியில் நறநறவென்று இருக்குமாம். நர்ஸம்மா வந்து மொத்த வார்டுக்கும் பாடம் எடுத்துவிட்டுப் போனார்: மூக்கைச் சிந்தக்கூடாது, தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்ம வேண்டும், முக்கக்கூடாது, கனம் தூக்கக்கூடாது, தலையை உயர்த்திப் படுக்க வேண்டும், டாக்டர் சரி என்று சொல்கிற வரை விமானப் பயணம் வேண்டாம், பீடி சிகரெட் தொடவே கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

கண் பறிபோகக்கூடிய அவசரம் ஒன்று இருக்கிறது. அடிபட்ட பிறகோ ஆபரேஷன் முடிந்த பிறகோ விழிக்குப் பின்னால் ரத்தம் சேர்ந்து அழுத்தினால், கண் முன்னால் தள்ளிக் கல்லாகும், வலி ஏறிக்கொண்டே போகும், பார்வை மங்கும். சுமார் ஒன்றரை மணி நேரத்துக்குள் அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் பார்வை நரம்பு செத்துவிடலாம். வெளி ஓரத்தில் இமையைச் சின்னதாக வெட்டிவிட்டே அழுத்தத்தை இறக்குவார்கள், அதற்கு ஸ்கேன் வரும்வரை காத்திருக்கவும் மாட்டார்கள். என் ஆபரேஷன் அன்று ராத்திரி மணிக்கு ஒரு தடவை வந்து டார்ச் அடித்து "எத்தனை விரல்?" என்று கேட்டது இதற்காகத்தான். தூக்கம் போச்சே என்று முணுமுணுத்த எனக்கு நர்ஸ் சொல்லித்தான் தெரியும்.

ஆபரேஷன் கீழ் இமையின் உள்பக்கமாகவே செய்தார்கள், வெளியே தழும்பு இல்லை. தொங்கிய கொழுப்பையும் தசையையும் மேலே எடுத்துவிட்டு, ஓட்டையின் மேல் டைட்டானியம் வலை வைத்தார்கள். கரண்ட் வேலை பார்க்கிறவன் முகத்துக்குள் உலோகமா என்று கூட வேலை பார்க்கிற பையன் "அண்ணே, இனி டெஸ்டர் வேண்டாம், நீங்களே எரிவீங்க" என்று இன்னமும் கிண்டல் செய்கிறான். டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது, எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டி வந்தால் முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும் என்றார்கள். அந்த வலையின் ஸ்டிக்கர், ஸ்கேன் சி.டி., டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றையும் ஒரே கவரில் போட்டு வைத்திருக்கிறேன். இன்சூரன்ஸ்காரர்கள் எப்படி அடிபட்டது என்று முதல் நாள் சீட்டில் எழுதியிருப்பதைத்தான் பார்ப்பார்கள், அதனால் முதல் ஆஸ்பத்திரியிலேயே நடந்ததை நடந்தபடி எழுத வையுங்கள்.

கட்டுப் பிரித்ததும் எல்லாம் ஒன்றாகத் தெரியும் என்று யாராவது நினைத்தால், அப்படி நடக்காது. எனக்கு முதலில் இரட்டை அதிகமாகிவிட்டது. நசுங்கிய தசை வீக்கம் வடிந்து வேலைக்குத் திரும்ப வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். நேராகப் பார்க்கும்போது முதலில் சரியானது, மேலே பார்ப்பது கடைசியாக. நடுவில் கண்ணாடியில் ஒட்டுகிற பிரிசம் தாள் கொடுத்தார்கள். மெல்லிய பிளாஸ்டிக், வரி வரியாக இருக்கும், பார்வை லேசாகப் புகை மூட்டமாகும், ஆனால் இரண்டு டியூப்லைட் ஒன்றாகிவிடும். கோணம் மாற மாற வேறு தாள் ஒட்டிக்கொள்ளலாம் என்பது வசதி. அது இல்லாத நேரத்தில் ஒரு பக்கக் கண்ணாடியில் மங்கலான டேப் ஒட்டிக்கொண்டு சமாளிப்பேன். ஒரு கண்ணை மறைத்தால் தூரம் பிடிபடாது, டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் பாதி தரையில். அந்த நாட்களில் பைக்கையும் ஏணியையும் தொடவில்லை. சுவிட்ச் போர்டு, கீழ்மட்ட ஒயரிங் மட்டும் நான், மேல் வேலை எல்லாம் பையன். வருமானம் அடிவாங்கியது, மறுப்பதற்கில்லை. ஆறு மாசத்துக்குப் பிறகும் இரட்டை ஒரே அளவில் நின்றுவிட்டால், மாறுகண்ணுக்குச் செய்கிற மாதிரி தசையை மாற்றித் தைக்கிற ஆபரேஷன் இருக்கிறது என்றார்கள். எனக்கு அதுவரை போகவில்லை, கழுத்தை ஒடித்து அண்ணாந்தால் மட்டும் இப்போதும் லேசாகப் பிரியும். ஏணியில் ஒரு படி கூட ஏறி நின்றுகொள்கிறேன், அவ்வளவுதான்.

மரத்துப்போன கன்னம் ஒரு வருஷத்துக்கு மேல் எடுத்தது. ஷேவ் செய்யும்போது வெட்டியதே தெரியாது, கொதிக்கிற டீ உதட்டைச் சுட்டதும் தெரியாது. உணர்ச்சி திரும்பும்போது எறும்பு ஊர்கிற மாதிரி, நடுநடுவே சுரீர் என்று. டாக்டர் அதை நல்ல அறிகுறி என்றார். மேல் பல் ஒன்று இன்னும் என்னுடையது மாதிரி இல்லை.

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இங்கிலாந்து விக்கெட் கீப்பர் க்ரெய்க் கீஸ்வெட்டரை ஞாபகம் இருக்கலாம். 2010 டி20 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் ஆட்ட நாயகன். 2014 ஜூலையில் ஹெல்மெட் இடுக்கு வழியாகப் பந்து புகுந்து மூக்கும் கண் பக்கத்து எலும்பும் உடைந்தது. அதே ஆண்டு திரும்ப வந்து ஆடினார், ஆனால் பார்வை பழைய மாதிரி இல்லை, 2015இல் 27 வயதிலேயே ஓய்வு பெற்றுவிட்டார். எலும்பு கூடுவதும் கண் பழைய நிலைக்கு வருவதும் வேறு வேறு கணக்கு. நான் இப்போது கபடியில் கோட்டுக்கு வெளியே நின்று ஸ்கோர் எழுதுகிறேன்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்த பிறகும் வருஷத்துக்கு ஒரு தடவை கண் அழுத்தம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பலமான அடியில் கண்ணுக்குள் நீர் வடிகிற கோணம் கிழிந்திருந்தால், பல வருஷம் கழித்துக்கூட அழுத்தம் ஏறி, வலியே இல்லாமல் பார்வை நரம்பைத் தின்றுவிடலாமாம். அந்தக் கோணத்தைத் தனியாக ஒரு லென்ஸ் வைத்துத்தான் பார்க்க முடியும், அதனால் கண் பரிசோதனை முகாமுக்குப் போனால்கூட "பழைய அடி இருக்கு" என்று சொல்லிவிடுகிறேன். திடீரென்று மின்னல் வெட்டுகிற மாதிரித் தெரிந்தாலோ, கரும்புள்ளிகள் மிதந்தாலோ, ஓரத்திலிருந்து திரை இறங்குகிற மாதிரி இருந்தாலோ அது விழித்திரை, அன்றைக்கே போக வேண்டும். அடுத்த பரிசோதனை எனக்குத் தை மாசம், ஊரில் கபடி முடிந்த கையோடு மதுரைக்குக் கிளம்பிவிடுவேன்.